புதைந்த மண்ணிலிருந்து பண்டைய மழையளவைக் கணிக்கும் முறை

வெட்டுமுகத்தில் நிறம் மாறித் தெரியும் ஒவ்வோர் அடுக்கும் தொல்மண், அதாவது பழங்காலத்தில் உருவாகிப் பின்னர் புதைந்த மண், ஆகிவிடாது. கீழ்நோக்கிக் கிளைத்து மெலியும் வேர்த்தடங்கள், மேற்புறம் சட்டென முடிந்து அடிப்புறம் மெல்லக் கரையும் எல்லைகள், கட்டி கட்டியாக உடையும் அமைப்பு ஆகியவை சேர்ந்திருந்தால் மட்டுமே அதை மண் என்று கொள்ளலாம். மழை வெயில் பட்ட பரப்பைச் சீவியெறிந்த பின், சுமார் 10 செ.மீ. இடைவெளியில், மேல்மண் உதிர்ந்து கலந்துவிடாதபடி கீழிருந்து மேலாக மாதிரி எடுக்க வேண்டும்.

கணக்கில் இறங்கும் முன் அந்த மண்ணில் நீர் எப்படி நின்றது என்பதைப் பார்ப்பது அவசியம். பலர் அவசரத்தில் தாண்டிச் செல்லும் படி இதுதான். வேர்த்தடம் சாம்பல் நிறமாகவும் சுற்றியுள்ள மண் துருச்சிவப்பாகவும் இருந்தால், மேலிருந்து இறங்கிய நீர் வடியாமல் அவ்வப்போது தேங்கியிருக்கும். மாறாக, மண் முழுதும் சாம்பலாகி, வேர்த்தடத்தைச் சுற்றி மட்டும் துரு படிந்திருந்தால், நிலத்தடி நீர்மட்டம் மேலே இருந்தது என்று பொருள். இப்படி ஊறிக் கிடந்த மண்ணில் தாழ்ந்த நிலத்தின் ஈரமே பதிவாகியிருக்கும். அதை மழையாகக் கணக்கிட்டால் விடை தவறாகும்.

நீர் நன்கு வடிந்த மண்ணில் சுக்கான் கல் முடிச்சுகள் (கால்சியம் கார்பனேட் திரண்ட உருண்டைகள்) இருந்தால், பண்டைய நிலப்பரப்பிலிருந்து அவை தொடங்கும் ஆழத்தை அளக்க வேண்டும். தொல்மண் ஆய்வாளர் ரிட்டாலக் 2005-இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி ஆண்டு மழை, மி.மீ. அளவில், 137.24 + 6.45 ஆ − 0.013 ஆ², இதில் 'ஆ' என்பது செ.மீ. கணக்கிலான ஆழம். 60 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 477 மி.மீ. கிடைக்கும், திட்டப்பிழை (கணிப்பு வழக்கமாக விலகக்கூடிய அளவு) 147 மி.மீ. என்பதால் அந்த வரம்பையும் சேர்த்தே எழுத வேண்டும். மேலே படிந்த வண்டலின் பாரத்தால் மண் நசுங்கியிருந்தாலும், மேல்மண் அரிக்கப்பட்டிருந்தாலும் ஆழம் குறைவாகத் தெரிந்து, மழையும் குறைந்து தோன்றும். ஆகவே நசுக்கத்தைத் திருத்திய பிறகே ஆழத்தைச் சமன்பாட்டில் இட வேண்டும். மேற்பரப்பு அரிக்கப்பட்ட மண்ணை விலக்கிவிடுவதே நல்லது.

முடிச்சுகள் இல்லாத மண்ணுக்கும் பொருந்தும் வேதியியல் வழி உண்டு. மேல்மண்ணுக்குக் கீழே களி திரண்ட அடுக்கில், மோல் கணக்கில் (எடையால் அல்லாமல் மூலக்கூறு எண்ணிக்கையால்), அலுமினியம், கால்சியம், சோடியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையில் அலுமினியம் ஆக்சைடு எத்தனை விழுக்காடு என்று பார்க்க வேண்டும். மழை மிகுந்தால் கால்சியமும் சோடியமும் கரைந்து வெளியேறி இவ்விழுக்காடு உயரும் என்பதால், இதைக் கொண்டும் மழையளவைக் கணிக்கலாம். வெடிப்பு விழும் கரிசல் வகை மண்ணுக்குச் சோடியத்தை விடுத்து மக்னீசியத்தைச் சேர்க்கும் தனிக் குறியீடே பொருந்தும்.

இரண்டு வழியிலும் வந்த எண்கள் பிழை வரம்புக்குள் ஒத்துவராவிட்டால், சராசரி எடுக்காமல், வெட்டுமுகத்துக்கே திரும்பிச் சென்று நீர் தேங்கியதைக் காட்டும் சாம்பல் நிறத் திட்டுகளை மறுபடியும் பார்க்க வேண்டும்.