கிட்டார் பக்கப்பலகை வளைக்க: பொருள் வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

பெரம்பூரில் இருக்கும் என் பட்டறைக்கு, இரண்டாக உடைந்த பக்கப்பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் வருவதுண்டு. தண்ணீர் தெளித்து, சூட்டில் வளைத்து, கிட்டாரைச் சுற்றிச் சுவர்போல் நிறுத்தும் மெல்லிய பலகைதான் அது. சர்ச் கொயரில் வாசிப்பவர்கள், கானா கச்சேரிக்குப் போகிறவர்கள், சொந்தமாக ஒரு கிட்டார் செய்துபார்க்க ஆசைப்பட்டவர்கள். "சூடு பத்தலையா அண்ணா, தண்ணி பத்தலையா?" என்பதுதான் முதல் கேள்வி. உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை தெரியும். அந்தப் பலகையை மரக்கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

அழகைப் பார்த்து வாங்குவதுதான் பெரிய தவறு. அலை அலையாகக் கோடு ஓடும் பலகை மனதை இழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நாரே மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. அதை 2 மி.மீ. கனத்துக்கு இழைத்துவிட்டால் நார் ஒரு முகத்தில் புகுந்து மறுமுகத்தில் வெளியே வந்துவிடும். வளைக்கும்போது அந்த இடத்தில்தான் செதில் கிளம்பும். மரப்படகுக்கு விலா வைக்கிற ஆசாரி இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடி எடுப்பார். வளைவோடு நாரும் சேர்ந்தே வளைந்திருக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. சுமார் 80 செ.மீ. நீளத்துக்கும் கணு இல்லாமல், நூல் பிடித்தாற்போல் நார் ஓட வேண்டும்.

மேலே தெரியும் கோடு நேராக இருந்தால் நாரும் நேராக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பலகையிலிருந்தே ஒரு சாண் துண்டு கேட்டு வாங்குங்கள். அதன் தலைமுகத்தில், அதாவது குறுக்கே அறுத்த முனையில், உளியை வைத்து ஒரே தட்டு. பிளவு ரம்பம் போன வழியில் போகாது, நார் போன வழியில்தான் போகும். பக்கவாட்டில் பார்த்தால் முகத்துக்கு இணையாக இறங்கியிருக்க வேண்டும். ஏதாவது ஒரு முகத்தை நோக்கிச் சாய்ந்து இறங்கினால் அந்தப் பலகை வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்யாமல், பூ விழுந்ததுபோல் அலை அடித்த மாமரப் பலகை ஒன்றை வாங்கினேன். மேல் வளைவு சுலபமாக வந்தது. இடுப்பு வளைவில் டப்பென்று ஒரு சத்தம். பார்த்தால் அலை இருந்த ஒவ்வொரு இடத்திலும் மீன் செதில்போல் நார் எழுந்து நின்றது. அதை எந்தப் பசையாலும் படியவைக்க முடியவில்லை.

எந்த மரம் என்றால், ஈட்டிதான் வளைவதற்கு மிக இணக்கமானது. சூடு பட்டதும் கைக்குள் தளர்வது தெரியும், ஒரு இனிப்பு வாசனையும் வரும். ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைப் பாதுகாக்க 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டையை விலை மலிவு என்று வாங்கவே கூடாது, பில்லோடு வாங்குங்கள். தேக்கு நடுத்தரம். இடித்த வீடுகளின் பழைய பர்மா தேக்கு நன்றாகவே ஒலிக்கும், ஆனால் ஆணி ஓட்டையைச் சுற்றிக் கறுத்த பகுதி வளைவில் வரக்கூடாது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். பூவரசையும் தூங்குமூஞ்சியையும் நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை. ஹவாயில் இந்த இரண்டிலும் உக்குலேலே என்ற சின்ன கிட்டார் செய்கிறார்கள். கருங்காலியைப் பக்கப்பலகைக்கு முதல் முயற்சியில் தொடாதீர்கள்.

கனம் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மில்லில் "ஒரு நூல்" என்று சொன்னால் 3 மி.மீ.க்கு மேல் வரும். நமக்குத் தேவை 2 முதல் 2.3 வரைதான். 3 மி.மீ. பலகை 2 மி.மீ. பலகையைவிட மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு. அளவை வெர்னியர் அளவுகோலில் பத்து இடத்திலாவது பார்த்துவிடுங்கள். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்திருந்தால் மெலிந்த இடம் மட்டும் முறிந்து கோணலாக மடங்கும். அப்புறம், சூளையில் உலர்த்திய மரத்தைவிட நிழலில் காற்றாடக் காய்ந்த மரம் வளைய எளிது. பிளைவுட் கடையில் கிடைக்கும் தேக்கு ஷீட், பிளை மேல் ஒட்டிய மெல்லிய தோல்தான். குறுக்குநார் இருப்பதால் சூட்டில் வளையாது, ஒட்டும் விட்டுப்போகும்.

மரத்தோடு சேர்ந்து வாங்குகிற தகட்டிலும் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். வளைவின் வெளிமுகம் இழுபடும், உள்முகம் அமுங்கும். சூடான மரம் தாராளமாக அமுங்கும், ஆனால் இழுத்தால் கொஞ்சம்தான் நீளும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் வெளிமுகத்தில் தகடு. 0.3 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் அல்லது ஸ்டெயின்லெஸ் தகடு போதும். டின் தகடு ஓரிடத்தில் மடிந்துவிடும், அந்த மடிப்பிலேயே பலகையும் முறியும். ஸ்பிரிங் ஸ்டீல் ஈரமரத்தைத் தொட்டால் தேக்கிலும் ஈட்டியிலும் கருநீலக் கறை ஊறிவிடும், அதனால் நடுவில் பழுப்புக் காகிதமோ அலுமினியத் தாளோ வையுங்கள்.

இதே காரணத்துக்காகத் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் வாளியில் ஒரு மணி நேரம் நின்றாலே மஞ்சளாகப் படியும். அது இரும்பு. கேன் தண்ணீரை ஸ்பிரேயரில் ஊற்றி, மேலாகத் தெளித்தால் போதும். ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்ட பலகை அகலவாக்கில் குழிந்துபோகும்.

பலகையை மேலே அழுத்தி வளைக்கச் சூடேற்றும் குழாய்க்குக் காயலான் கடையில் தடித்த அலுமினியமோ பித்தளையோ தேடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாய்க்குள் கேஸ் டார்ச்சால் தீ அடித்தால் வருகிற வெள்ளைப்புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிங் செய்பவர்களைக் கேளுங்கள். சூடு சரியா என்று தோசைக்கல்லில் பார்ப்பதுபோல் பாருங்கள். துளி சுர்ரென்று உடனே காய வேண்டும். முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம், மரம் கருகும். குழாய்க்குப் பதிலாக, பலகைமேல் விரித்துச் சூடேற்றும் மின்சாரச் சூட்டுப் போர்வையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் அது 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்த்தே பிளக்கில் சொருகுங்கள்.

அச்சுக்குத் துகள்பலகை வாங்காதீர்கள், ஆவி பட்டதும் ஊதிவிடும். 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளை அடுக்கி ஒட்டிக்கொள்ளுங்கள். வளைத்த பலகையை அதில் இறுக்கி, வெயில் காலத்தில் இரண்டு நாள் வைத்தால் போதும். ஐப்பசி மழையில் கடல்காற்று ஈரத்தோடு வரும்போது நான் ஒரு வாரம்வரை எடுப்பதில்லை, அறையில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கும்வரை ஒட்டுவதும் இல்லை.