வல்லிபுரத்திலிருந்து மணற்காட்டு மேடு வரை: முதன்முறை நடப்பவர்களுக்கான விளக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. உயரத்தில் நின்று கடலையும் காட்டையும் ஒருசேரப் பார்க்க விரும்புபவர்களுக்கு வடமராட்சியின் மணற்காட்டு மணற்குன்றுகளே வாய்த்திருக்கின்றன. அவற்றின் உயரம் பெரிதல்ல என்றாலும், மணலில் நடப்பதற்குத் தார் வீதியில் நடப்பதைவிட இருமடங்குக்கும் மேற்பட்ட உழைப்பு வேண்டும் என்பதால் இந்த நடையை இலேசாக எண்ணக் கூடாது.

முதலில் காலத்தைத் தெரிவு செய்யுங்கள். தை முதல் பங்குனி வரை உகந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை மறிக்கும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் மணல் கண்ணில் அடிக்கும்.

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், அகன்ற தொப்பி, கணுக்காலை மூடும் சப்பாத்து ஆகியவை போதும். வெறுங்காலோடு நடப்பது காலையில் சுகமாக இருக்கும். ஆனால் பத்து மணிக்குப் பின் அதே மணலில் கால் வைக்க முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் பஸ்ஸிலும், அங்கிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலடிக்கு ஓட்டோவிலும் வரலாம். விடிந்தவுடன் நடக்கத் தொடங்குவதாயின் முதல்நாளே பருத்தித்துறையில் தங்குவது நல்லது. கோயிலிலிருந்து கடற்கரைக்கு இறங்கியதும், கடல் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி தென்கிழக்காக நடவுங்கள். அலை வந்து திரும்பிய ஈர மணல் இறுகியிருக்கும். அதன் மேலேயே நடந்தால் கால் புதையாது. மேலே உள்ள உலர்ந்த மணலுக்கு ஏறினால் அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கும். கரையில் உலரவிட்ட வலைகளையும் இழுத்து வைத்த வள்ளங்களையும் மிதிக்காமல் சுற்றிச் செல்லுங்கள். ஆறுதலாக நடப்பவர்கள் இப்பகுதிக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

குன்றில் ஏறுவதே இந்த நடையின் கடினமான பகுதி. எந்தக் குன்றுக்கும் காற்று வந்து மோதும் பக்கம் சரிவு குறைந்ததாகவும் இறுக்கமாகவும், மணல் உதிர்ந்து விழும் மறுபக்கம் 30 பாகையை எட்டும் செங்குத்தாகவும் இருக்கும். மெல்லிய வரிகள் படிந்த பக்கமே ஏறத் தகுந்தது. வரியில்லாமல் வழுவழுப்பாகத் தெரியும் சரிவில் ஓரடி வைத்தால் அரையடி சறுக்குவீர்கள். குறுகிய அடிகளாக, பாதத்தை முழுமையாகப் பதித்து, சாய்வாகக் குறுக்கே ஏறுங்கள். அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் மிதிக்காதீர்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது இங்கே பழமொழி மட்டுமல்ல, மணலைப் பறக்கவிடாமல் கட்டி வைத்திருப்பவை உண்மையிலேயே அவைதாம்.

உச்சியிலிருந்து ஒருபுறம் திறந்த கடலும், மறுபுறம் மணலை நிறுத்துவதற்காக நடப்பட்ட சவுக்கங்காடும் தெரியும். மணலில் புதைந்த பழைய புனித அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகளையும் இறங்கிப் போய்ப் பார்க்கலாம். சுவர்களில் ஏற வேண்டாம். அருகிலுள்ள சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) ஊரவர்களுடையது, படம் எடுப்பதற்கான இடமன்று. 2004 மார்கழி 26 ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது என்பதை நினைவிற்கொண்டு பேச்சிலும் நடத்தையிலும் அடக்கம் காட்டுங்கள்.

தெற்கே நாகர்கோவில் பக்கமாக நடையை நீட்டாதீர்கள். அது நெடுங்காலம் போர்முனையாக இருந்த நிலம். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். கடலில் குளிப்பதாயின் ஊரவரைக் கேட்டே இறங்குங்கள்.

திரும்பும்போது கரைவழியே மீண்டும் நடக்கத் தேவையில்லை. வெயில் ஏறுமுன் மணற்காட்டிலிருந்து குடத்தனை வீதிக்கு வந்தால் பருத்தித்துறைக்கு வாகனம் பிடிக்கலாம். பஸ்ஸை நம்பியிருக்காமல், காலையில் வந்த ஓட்டோக்காரரிடமே திரும்ப ஏற்றுவதற்கு நேரம் பேசி வைப்பது உத்தமம்.