தனி ஊராட்சிகளில் வேலை செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம், பட்டியல் சமூகத்தினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பயிற்சி கொடுக்க ஒரு புதுப் படை கிளம்பும். தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சமூகப்பணி படித்து முடித்தவர்கள், ஊர்ப் பற்றில் தாங்களாகவே வருகிற இளைஞர்கள். நல்ல பிள்ளைகள்தான். சட்டமும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் இதற்கு முந்தின தேர்தலில் வந்தவர்கள் எங்கே சறுக்கினார்களோ அங்கேயே இவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தலைவரை ஒருமையில் கூப்பிடாதீர்கள், காலனியில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

பழைய கதை தெரியாமல் போவது

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல். அதன்படி முதல் தேர்தல் 1996-ல். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனி ஊராட்சிகளில் (தலைவர் பதவி பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்டவை) அந்தத் தேர்தல் பத்து ஆண்டுகள் ஒழுங்காக நடக்கவே இல்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் இருக்காது; ஆள் இருந்து ஜெயித்தால் உடனே ராஜினாமா. 2006-ல்தான் நிலைமை மாறியது. அதே மதுரை மாவட்டத்தின் இன்னொரு தனி ஊராட்சியான மேலவளவில் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

நீங்கள் போகிற ஊரில் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால், "ஏன்கா பயப்படுறீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்பீர்கள்.

நாற்காலிப் படத்தோடு கிளம்பிவிடுவது

2020-ல் இரண்டு ஊர்கள் செய்தியில் அடிபட்டன. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் ஊரெல்லாம் பரவியது. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. பிறகு அதிகாரிகள் வந்து நின்று ஏற்ற வைத்தார்கள். 2022-ல் சுதந்திர தினத்துக்கு முன்பு, சாதி பார்க்காமல் தலைவர்களே கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாற்காலியும் கொடியும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் பிரச்சினை பெரிதானதும் எதிர்த்தரப்பு முதலில் விட்டுக்கொடுப்பது நாற்காலியைத்தான். அவர்களுக்கு அதில் பைசா நஷ்டம் கிடையாது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் நம் ஆட்கள் படம் எடுத்து, அறிக்கையில் சேர்த்து, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஊராட்சி அலுவலகச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது, தீர்மானப் புத்தகம் ராத்திரி எங்கே தங்குகிறது, செக் புத்தகம் யார் பீரோவில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் பாதி ஊரில் பதில் ஒன்றுதான்: துணைத் தலைவர் வீடு.

துணைத் தலைவர் தேர்தலைக் கோட்டை விடுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கொசுறு.

ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. ஊராட்சிப் பணத்தை எடுக்க இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்த நான்கு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு மற்ற பயிற்சியைத் தொடங்குங்கள். பேங்க் லாக்கர் போலத்தான். ஒரு சாவியை மட்டும் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க முடியாது. தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊர்களில் மற்ற சாவிக்கு எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 27 மாவட்டங்களுக்கான ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்குப்பதிவு 2019 டிசம்பர் 27, 30. எண்ணிக்கை 2020 ஜனவரி 2. பதவியேற்பு ஜனவரி 6. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் ஜனவரி 11. மிச்சமிருந்த 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்தபோது பதவியேற்பு 20, மறைமுகத் தேர்தல் 22. நடுவில் கிடைப்பது சில நாள்தான். அந்த நாட்களில் நம் ஆட்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? ஃபிளக்ஸ் அடித்து, சால்வை வாங்கி, கேசரி கிண்டி, "முதல் பெண் தலைவருக்குப் பாராட்டு விழா" நடத்திக்கொண்டிருப்பார்கள். அதே ராத்திரி எதிர்த்தரப்பு ஒவ்வொரு வார்டு மெம்பர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசி முடித்துவிடும்.

தென்மாவட்டத்தில் ஓர் ஊர். தலைவர் பதவி பட்டியல் சமூகப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தது. ஜெயித்த அக்கா அதுவரை நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒன்பது வார்டு. காலனியிலிருந்து மூன்று மெம்பர், ஊர்ப் பக்கம் ஆறு. அந்த ஆறு பேரில் இரண்டு பெண்கள் இந்த அக்காவோடு வேலைத்தளத்தில் ஒன்றாக மண் சுமந்தவர்கள். அவர்கள் வீட்டுப் படியை ஒருவரும் ஏறவில்லை. துணைத் தலைவர் போட்டியின்றித் தேர்வு. ஊரில் டிராக்டரும் காண்டிராக்ட் வேலையும் வைத்திருக்கிற குடும்பம்.

கொஞ்ச நாளில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரில் காயில் எரிந்துபோனது. காயில் கட்டுகிறவர் காசு கேட்டார். அக்கா செக்கில் கையெழுத்துப் போட்டு, மஞ்சப்பையில் வைத்துத் துணைத் தலைவர் வீட்டுக்குப் போனார். திண்ணைக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் நின்றார். மகன் வந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, "அப்பா தூங்குறாரு, நாளைக்கு வாங்க" என்று பையை நீட்டினான். மறுநாள் அப்பா தோட்டத்தில். அதற்கு மறுநாள் கல்யாண வீட்டில். பத்து நாள் ஓடிவிட்டது. ஊருக்கும் தண்ணீர் இல்லை, காலனிக்கும் இல்லை. குழாயடியில் என்ன பேச்சு தெரியுமா? "காலனிக்காரி வந்தா, தண்ணி நின்னுச்சு."

கையெழுத்தை நிறுத்தியதற்குக் கிடைத்த பலன் அந்த ஒரு வரிதான். பணம் எடுப்பது அப்புறம். ஒதுக்கீடு வந்ததால் ஊர் கெட்டது என்பதற்கு ஊரே சாட்சி சொல்லுமாறு செய்துவிட்டார்கள். செக் எங்கே கிடந்தது என்பது குழாயடியில் நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

உடன் வந்த ஒரு தம்பி, "அக்கா, இது சட்டப்படி தப்பு, கேஸ் போடலாம்" என்றான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போடு தம்பி. அதுவரைக்கும் மோட்டார யாரு சரி பண்றது?" என்றார். அவனிடம் பதில் இல்லை.

இரண்டு ராத்திரி மெம்பர் வீடுகளுக்கு நடந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? தலைவர் வேட்பாளரை மட்டும் தேடாதீர்கள். மனுத் தாக்கலுக்கு முன்பே வார்டு வேட்பாளர்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஒன்பதில் ஐந்து யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஊர்ப் பக்கத்துப் பெண் மெம்பர்களை "அவங்க ஆளுங்க" என்று ஒதுக்காதீர்கள். 2016-ல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்த பிறகு, வேலைத்தளத்திலும் மகளிர் குழுவிலும் பழகினவர்கள் மெம்பராக வருகிறார்கள். அவர்களைத் தலைவராக ஜெயித்தவரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் போனால் காரியம் கெடும். பாராட்டு விழாவை மறைமுகத் தேர்தலுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். கேசரி ஒன்றும் ஊசிப்போகாது.

ஏற்கெனவே கோட்டை விட்டுவிட்டீர்களா? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்தச் செலவுக்குக் கையெழுத்து கேட்டோம், என்ன பதில் வந்தது என்று எழுதி வரட்டும். வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு, ஊராட்சிச் செயலர் மூலம் கடிதமாக அனுப்பி, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கட்டும். செலவை ஊராட்சிக் கூட்டத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம் போட்டுவிட்டால், "எனக்குத் தெரியாமல் செலவு செய்கிறார்" என்று துணைத் தலைவரால் சொல்ல முடியாது. அந்தக் கட்டோடுதான் பி.டி.ஓ.வை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரை, பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சண்டை முற்றினால், ஆட்சியர் இரண்டு பேரின் கையெழுத்து அதிகாரத்தையும் எடுத்து பி.டி.ஓ.விடம் கொடுத்துவிடுவது உண்டு. புதியவர்கள் இதை வெற்றி என்று நினைத்து இனிப்பு கொடுக்கிறார்கள். அந்த அக்காவின் கையெழுத்தும் சேர்ந்துதானே போனது?

வெற்று செக்கில் கையெழுத்து

கூடாது. "அம்மா மொதல்ல போடட்டும், தொகைய நாங்க எழுதிக்கிறோம்" என்று யார் சொன்னாலும் கூடாது. தணிக்கையில் பதில் சொல்லப் போவது அவர்தான்.

தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் இருப்பது

கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் நாலு விரல் இடம் காலியாக இருந்தால், அடுத்த வாரம் அங்கே ஒரு புதுத் தீர்மானம் முளைக்கும். கூட்டம் முடிந்ததும் அந்த இடத்தில் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற தலைவர்கூடக் கோடு போடலாம். அதோடு, தீர்மானங்களை உரக்க வாசித்த பிறகுதான் கையெழுத்து என்ற பழக்கத்தை முதல் கூட்டத்திலேயே கொண்டுவந்துவிடுங்கள். மூன்றாவது கூட்டத்தில் ஆரம்பித்தால் "என்ன, நம்பிக்கை இல்லையா?" என்பார்கள்.

ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்கு உண்டு: பொதுநிதிக்கு ஒன்று, மின்கட்டணம் குடிநீர்க் கட்டணத்துக்கு ஒன்று, திட்டப் பணத்துக்கு ஒன்று. பயிற்சியில் அரசியல் சட்ட முகப்புரையை ஒரு மணி நேரம் விளக்குகிறவர்கள், மூன்று பாஸ்புக்கையும் தலைவர் கையில் கொடுத்து வாசிக்க வைக்க அரை மணி ஒதுக்குவதில்லை.

தலைவரின் வீட்டுக்காரரோடு முதல் நாளே மல்லுக்கட்டுவது

மனைவிக்குப் பதில் கணவர் வந்து கூட்டத்தில் உட்காருவது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அந்த அம்மாவை பி.டி.ஓ. ஆபீசிலிருந்து பைக்கில் கூட்டி வருவது அவர்தான். கடைசி பஸ் போய்விட்டால் நீங்களா கொண்டுவந்து விடப் போகிறீர்கள்? அவரை வண்டியோடும் வெளி வேலையோடும் நிறுத்த வேண்டும். கூட்டத்திலும் கையெழுத்திலும் அவர் வரக்கூடாது. இந்தக் கோட்டை நீங்கள் போட்டால் நிற்காது, அந்த அம்மா போட்டால்தான் நிற்கும். சிலருக்கு ஒரு வருடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

"ஊர் வழக்கம்" என்றதும் அடங்கிவிடுவது

கிராம சபையைக் கோவில் மண்டபத்தில் போடுவார்கள். "காலம் காலமா இங்கதான்" என்பார்கள். காலனிக்காரர்கள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். மதச்சார்புள்ள வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது என்றும், குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்றும் ஒவ்வொரு முறையும் அறிவிப்பில் வருகிறது. அந்த அறிவிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம். "போன தடவ அங்க, இந்தத் தடவ இங்க" என்று தலைவர் சொன்னால் போதும். ஆண்டுக்கு ஆறு சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறில் ஒன்று காலனிக் களத்தில் நடந்தாலே தெருவிளக்கு எங்கே எரியவில்லை என்பது எல்லார் கண்ணிலும் படும்.

கண்மாய் மீன் ஏலமும் புளியமர ஏலமும் வேறு கதை. ஊராட்சிக்கு வர வேண்டிய பணத்தை ஊர்க்கூட்டம் ஏலம் விட்டுத் திருவிழாக் கணக்கில் சேர்த்திருக்கும். இதையும் வழக்கம் என்றே சொல்வார்கள். முதல் வருடமே இதில் கை வைக்காதீர்கள். ஆனால் எவ்வளவுக்கு ஏலம் போனது என்று எழுதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் கலெக்டர்

ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். அதற்காகக் குழாய் உடைந்ததற்கும் அவரிடம் ஓடினால், செக் விவகாரத்துக்குப் போகும்போது உங்கள் மனு பத்தோடு பதினொன்று.

பதவிக்காலம் முடிந்ததும் அந்த அம்மாவை மறந்துவிடுவது

தமிழ்நாட்டில் ஒதுக்கீடு பொதுவாக இரண்டு தேர்தலுக்கு ஒருமுறை சுழலும். ஊர் பொதுவானதும் நம் நிறுவனங்களும் திட்டத்தை முடித்துக்கொண்டு அடுத்த தனி ஊராட்சிக்குப் போய்விடுகின்றன. மூன்று கணக்கும் தெரிந்த, தணிக்கைக்குப் பதில் சொல்லிப் பழகிய ஒரு பெண் மறுபடி நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போவார். பொதுப் பதவிக்கு அவர் நிற்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. தலைவராக ஜெயிப்பது கஷ்டம் என்றால், வார்டு மெம்பராக நிற்கலாமே. துணைத் தலைவர் பதவிக்குத்தான் ஒதுக்கீடு கிடையாது, யாரும் வரலாம். அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது எத்தனை ஓட்டு வேண்டியிருக்கும் என்று கேட்டார். ஐந்து என்றேன். உடனே அங்கேயே விரல் மடக்கிப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.