முடிவு தெரியாத நாட்களில் ஸ்தோத்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியின் முடிவு வர ஐந்து நாள் ஆகும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தோடு வருகிறார்கள்: "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்." கேட்டவர் அன்று இரவு முழங்காலிட்டு, "இந்தக் கட்டிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பிக்கிறார். அடுத்த வார்த்தை வரவில்லை. தனக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். இங்கே குறை விசுவாசத்தில் இல்லை. வசனத்தைப் படித்த விதத்தில் இருக்கிறது.

1 தெசலோனிக்கேயர் 5:18 'எல்லாவற்றிலேயும்' என்றுதான் சொல்கிறது. எந்த நிலைமைக்குள் இருந்தாலும் என்பது அதன் பொருள். எபேசியர் 5:20 'எல்லாவற்றிற்காகவும்' என்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முந்தின வசனம் சங்கீதங்களைப் பாடச் சொல்கிறது. அந்தச் சங்கீதங்களில் புலம்பலுக்கும் கண்ணீருக்கும் குறைவே இல்லை. நண்பன் லாசரு இறந்தபோது இயேசு செய்ததைப் பாருங்கள். யோவான் 11:35-ல் கண்ணீர் விடுகிறார். 41-ம் வசனத்தில், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். மரணத்துக்காக நன்றி சொல்லவில்லை. பிதா கேட்கிறார் என்பதற்காகச் சொன்னார். அழுகைக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவே ஐந்தே வசனங்கள். ஆகவே கட்டிக்காக நன்றி சொல்ல முடியவில்லையே என்று யாரும் குற்றப்பட வேண்டாம். "இந்தக் கட்டியோடு நான் வந்து நிற்கும்போதும் நீர் கேட்கிறீர், ஸ்தோத்திரம்" என்று சொல்லலாம்.

பயத்தைச் சொல்லாமல் விழுங்குவது

எல்லாவற்றிலும் அதிகம் சேதப்படுத்துவது இந்தத் தவறுதான். பயத்தை வாயால் சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடும் என்று நினைத்து, விண்ணப்பத்தைத் தாண்டி நேராகத் துதிக்குப் போகிறோம். பிலிப்பியர் 4:6 அப்படிச் சொல்லவில்லை. "உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்கிறது. ஸ்தோத்திரம் விண்ணப்பத்தோடு சேர்ந்து போகிறது. அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் அடக்கிய பயம் எங்கும் போய்விடாது. பகலில் எரிச்சலாகவும் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுப் படபடப்பாகவும் திரும்பி வரும்.

இதற்கு வழிகாட்டி 13-ம் சங்கீதம். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். இந்த வரிசையிலேயே ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலில் பயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "கவலையாக இருக்கிறது" என்று நிறுத்தாமல், "புற்றுநோய் என்று வந்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று பயப்படுகிறேன்" என்று. அதற்குக் கீழே விண்ணப்பம், அதுவும் ஒரே வாக்கியம். அதன் பிறகு மூன்று ஸ்தோத்திரங்கள். தேதி போட்டு மூடிவிடுங்கள். மனதில் சொல்வதைவிட எழுதுவது ஏன் உதவுகிறது என்றால், மனம் ஒரே பயத்தைச் சுற்றிச் சுற்றி வரும். தாளில் அது ஒரு வரியோடு முடிந்துவிடும்.

எழுதி முடித்தும் மனம் இலேசாகவில்லையே என்றால், பிலிப்பியர் 4-ன் 7-ம் வசனத்தைக் கவனியுங்கள். தேவசமாதானம் இருதயத்தைக் 'காத்துக்கொள்ளும்' என்று வருகிறது. அந்தக் கிரேக்கச் சொல் படைவீரர் காவல் நிற்பதைக் குறிப்பது. காவல் போட்டிருக்கிறார்கள் என்றால் வெளியே ஆபத்து இன்னும் இருக்கிறது என்றுதான் பொருள்.

பொத்தாம்பொதுவாக நன்றி சொல்வது

"சுகத்துக்காக, பெலத்துக்காக, ஜீவனுக்காக ஸ்தோத்திரம்" என்று தினமும் ஒரே வார்த்தைகளைச் சொன்னால் ஒரு வாரத்தில் வாய் தனியே ஓடும், மனம் ரிப்போர்ட்டிலேயே நிற்கும். 136-ம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" திரும்ப வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் வருவது ஒவ்வொரு முறையும் மாறுகிறது: பகலை ஆளச் சூரியன், இரவை ஆளச் சந்திரன், செங்கடல், சீகோன், ஓக் என்று ராஜாக்களின் பெயர்கள், கடைசியில் சாப்பாடு.

அதே போலக் கடந்த 24 மணி நேரத்திலிருந்து மட்டும் எடுங்கள். பெயரும் நேரமும் இருக்கட்டும். "காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கேட்காமலே இட்லி கொண்டுவந்தார்கள்" என்பது ஒரு ஸ்தோத்திரம். மூன்று போதும். பத்து என்று வைத்தால் ஏழாவதிலிருந்து இட்டுக்கட்டத் தொடங்குவோம். ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கம் பலருக்குப் பலம் தருகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உடலும் மனமும் களைத்த நாளில் எண்ணிக்கையை முடிப்பதே இன்னொரு பாரமாகிவிட்டால், அன்றைக்கு மூன்றோடு நிறுத்துங்கள்.

ஒப்பிட்டு நன்றி சொல்வது

"அவர்களுக்கு நாலாவது ஸ்டேஜ், நமக்கு இரண்டாவதுதான், ஸ்தோத்திரம்." ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்வதுதான், ஆனால் லூக்கா 18-ல் பரிசேயன் செய்த ஜெபமும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது: மற்ற மனுஷரைப்போல் இல்லாததற்காக ஸ்தோத்திரம். அடுத்த ஸ்கேனில் நம் நிலைமை மோசமானால் அந்த நன்றிக்கு நிற்க இடம் இருக்காது. அடுத்தவர் துன்பம் நினைவுக்கு வந்தால் அவருக்காக ஜெபியுங்கள். உங்கள் நன்றியை அதன்மேல் கட்ட வேண்டாம்.

பதற்றத்தில் பொருத்தனை செய்வது

"ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் இவ்வளவு காணிக்கை" என்று நடு இரவில் நேர்ந்துகொள்ளாதீர்கள். பிரசங்கி 5:2 "மனம்பதறி ஒரு வார்த்தையையும் சொல்லாமலும் இரு" என்று எச்சரிக்கிறது. நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று 5-ம் வசனம் முடிக்கிறது. சிகிச்சைக்கு வைத்திருக்கும் பணத்தையோ அடகு வைக்கும் நகையையோ முன்கூட்டியே காணிக்கை ஆக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியதை விட்டுவிடுவது

அப்போஸ்தலர் 27-ல் புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். பதினாலு நாளாகச் சாப்பாடு இல்லை. பவுல் அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாகத் தேவனை ஸ்தோத்திரித்துப் புசிக்கத் தொடங்கினார். அதற்கு முன்பே நான்கு நங்கூரங்கள் போடப்பட்டிருந்தன. சாப்பிட்ட பிறகு கோதுமையைக் கடலில் எறிந்து பாரம் குறைத்தார்கள். கப்பல் உடைந்தது, ஆட்கள் அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள். ஆகவே நோட்டை மூடியதும் அன்றைக்குரிய ஒரு வேலையைச் செய்யுங்கள்: காப்பீட்டுக் காகிதங்களை எடுத்து வைப்பது, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதுவது, ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிடுவது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. துக்கத்தில் இருப்பவரிடம் "துதியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதை நிறுத்துங்கள். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனை, குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனுக்கு நீதிமொழிகள் 25:20 ஒப்பிடுகிறது. பக்கத்தில் உட்காருங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் சார்பில் ஸ்தோத்திரத்தை நீங்கள் உங்கள் வீட்டில் ஏறெடுக்கலாம்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் நோட்டைத் திறக்க வேண்டாம். அந்த நேரத்தில் எழுதுவது தூக்கத்தை இன்னும் விரட்டும். 136-ம் சங்கீதத்தை மெதுவாகச் சொல்லுங்கள். வசனத்தின் முதல் பாதியில் மூச்சை உள்ளே இழுத்து, "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று மனதில் சொல்லி நீளமாக விடுங்கள். வசனத்துக்குப் பத்து விநாடி என்றால் முழுவதும் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நீண்டு வெளிவரும் மூச்சு படபடப்பைத் தணிக்கும். நடுவில் தூங்கிப்போனால் குறையாக நின்றதே என்று வருந்த வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும், போதகரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.