வாதி ரம்மில் ஒரு ராத்தங்கல்: சறுக்குகிற இடங்கள்

“பாலைவனம்தானே, ஒரு தொப்பி போதும்” என்று கிளம்புவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. தெற்கு ஜோர்டானில் இருக்கும் வாதி ரம்மின் மணல்தரையே கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. பொழுது சாய்ந்ததும் சூடு விறுவிறுவென்று இறங்கிவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்யம் டிகிரி வரை போகும். எங்கள் குழுவில் அரைக்கைச் சட்டையோடு வந்தவர் ராத்திரி முழுக்கக் கணப்பை விட்டு நகரவில்லை. முகாமில் கனத்த கம்பளி தருவார்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் காலுறையும் நம் பொறுப்பு.

சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், மணலில் அது ஏர் உழும். மூட்டைகளை பிக்கப் வண்டியில்தான் அடுக்குவார்கள். தோளில் மாட்டும் பை போதும்.

முன்பதிவு செய்யும்போது படத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட பகுதி சுமார் 740 சதுர கிலோமீட்டர். அதற்கு வெளியே தீசி என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் முகாம்களும் ‘வாதி ரம்’ என்ற பெயரில்தான் விற்கின்றன. கண்ணாடிக் குமிழிக்குள் ஏசி போட்டுத் தூங்க ஆசையென்றால் அதுவும் சரிதான். ஆட்டுமயிர்க் கூடாரமும் சத்தமில்லாத இரவும் வேண்டுமென்றால், “முகாம் எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?” என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், ஜோர்டான் பாஸ் (சுற்றுலா இடங்களின் நுழைவுக்கு முன்கூட்டியே வாங்கும் ஒரே சீட்டு) வைத்திருந்தால் நுழைவுக் கட்டணம்தான் கழியும். ஜீப்புக்கும் தங்கலுக்கும் தனிக் காசு. பக்கத்து நகரமான அகபாவிலேயே தினார் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

சைவக்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ராச்சாப்பாடு. ‘ஸர்ப்’ என்பது மண்ணுக்குள் வேகும் சமையல். குழியில் தணல் நிரப்பி, அடுக்கடுக்கான இரும்புத் தட்டில் ஆட்டிறைச்சி, கோழி, உருளை, கேரட் எல்லாவற்றையும் வைத்து இறக்கி, மூடி போட்டு, கம்பளி போர்த்தி, மேலே மணலைத் தள்ளிவிடுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் திறக்கும்போது வரும் புகைவாசத்துக்கு முகாமே எழுந்து வந்து நிற்கும். ஆனால் காய்கறியும் அதே குழியில்தான் வேகிறது, கொழுப்பு அதன்மேல் சொட்டியிருக்கலாம். அங்கே போய் முகம் சுளிப்பதைவிட, பதிவு செய்யும்போதே “இறைச்சியோடு சேராமல் தனியாக வேண்டும்” என்று சொல்லிவிட்டால் செய்து தருவார்கள்.

காபி விஷயத்தில் நானே தடுமாறினேன். ஏலக்காய் போட்ட கசப்புக் காபியைக் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில், அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். “கஞ்சத்தனமா?” என்று தோன்றும். உண்மையில் கோப்பையை நிரப்பினால்தான், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். வலது கையால் வாங்க வேண்டும். குடித்துவிட்டுச் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள்; நானும் நீட்ட, அவரும் ஊற்ற, ஐந்தாவது சுற்றில்தான் பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே காட்டினார்: போதுமென்றால் கோப்பையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட வேண்டுமாம். முதல் கோப்பையையே வேண்டாம் என்பது மட்டும் மரியாதை இல்லை. இந்தக் கசப்பு ஒத்துவராதவர்களுக்குத் தேநீர் இருக்கிறது. வளைகுடாவில் சுலைமானி எனும் பால் சேர்க்காத தேநீர் குடித்துப் பழகியவர்களுக்கும் அதன் சர்க்கரை கொஞ்சம் அதிகமாகத்தான் படும்.

இங்கே வாழும் பெதூயின் குடும்பங்களின் கூடாரத்தில் பெண்களின் பகுதி தனி. அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும், கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லையென்றால் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

வாதி ரம்மில் கஸாலி என்ற குறுகிய மலைப் பிளவுக்குள் பாறைச் சுவரில் பழைய எழுத்துகளும் உருவங்களும் இருக்கின்றன. படத்தில் தெளிவாக விழட்டும் என்று தண்ணீர் தெளிப்பவர்களையும், விரலால் தடவுபவர்களையும் பார்த்தேன். மணற்கல் உதிரும், போனால் போனதுதான். மழை மேகம் தெரிந்தால் அந்த மாதிரி இடுக்குகளுக்குள் நுழையவே கூடாது. தூரத்தில் பெய்த மழைகூட வெள்ளமாக வந்து சேரும்.

“அந்தப் பாறை வரைக்கும்தானே” என்று தனியாக நடந்து போவதும் ஆபத்து. தெளிந்த காற்றில் தூரம் ஏமாற்றும், இருட்டினால் எல்லாப் பாறையும் ஒன்றுபோலத் தெரியும். பாறையில் ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் கால் நடுங்கும். போவதானால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, டார்ச்சும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள்.

காலையில் எழுந்ததும் ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போடுங்கள். இருட்டான, கதகதப்பான இடம் தேளுக்கும் பிடிக்கும்.