வலிக்கும் மூச்சுக்கும் ஒரு கணக்கு நோட்டு: வீட்ல நோயாளி வச்சிருக்கவங்களுக்கு

"என்ன பண்ணுது"ன்னு டாக்டர் கேட்டா எங்கப்பா சொல்ற ஒரே பதில் "பரவால்ல சார், நல்லாத்தான் இருக்கேன்". முந்துன நாள் ராத்திரி பூரா மூணு தலகாணி அண்டக்குடுத்து உக்காந்த வாக்குலயே தூங்குன மனுஷன் அவரு. டாக்டரும் என்ன பண்ணுவாரு, அதே மாத்திரைய எழுதி அனுப்பிருவாரு, வெளிய வந்து ஆட்டோ ஏறுறப்ப தான் "நைட்டு மூச்சு வாங்குனத சொல்லிருக்கலாமோ"ம்பாரு இவரு. இப்படி நாலு தடவ ஆன பிறகு தான், தினமும் அவருக்கு என்ன பண்ணுதுன்னு எழுதி வைக்க, கடலூர் திருப்பாப்புலியூர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்து கடையில நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கினேன்.

அப்பாவுக்கு ஹார்ட் பம்பிங் கம்மி, கிட்னியும் சேர்ந்து மக்கர் பண்ணுது. புதுச்சேரி முத்தியால்பேட்டைல எங்க சின்னம்மாவுக்கு மார்புல வந்த கேன்சர் எலும்புக்கு பரவிருக்கு. ரெண்டு வீட்லயும் இப்ப நோட்டு ஓடுது. நான் டாக்டர் கிடையாது, மாத்திரை அளவ கூட்டுறது குறைக்கிறது எல்லாம் உங்க டாக்டர்ட்ட தான் கேக்கணும், ஆனா அவர்ட்ட என்ன சொல்லணும்ங்கறத இந்த நோட்டு சொல்லும்.

இது ஏதோ என் சொந்த கண்டுபிடிப்புன்னு நெனச்சிட்டு இருந்தேன், தேடிப் பாத்தா பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கு. அமெரிக்காவுல பரவின கேன்சருக்கு கீமோ எடுத்துட்டிருந்த 766 பேர ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பிரிவுல இருந்தவங்க வலி, வாந்தி, மூச்சு, அசதின்னு தங்களுக்கு இருக்கிறத அவங்களே கம்ப்யூட்டர்ல பதிஞ்சாங்க. 2017ல ரிசல்ட் வந்துச்சு: வழக்கமான கவனிப்புல இருந்தவங்களுக்கு நடுமட்ட ஆயுசு (அதாவது பாதி பேரு இதுக்கு மேல உயிரோட இருந்தாங்க) 26 மாசம், பதிஞ்சவங்களுக்கு 31.2 மாசம். கேன்சருக்குன்னு புது மருந்து ஒண்ணும் குடுக்கல, அத யோசிங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அங்க நம்பர் மோசமா போனா உடனே ஒரு நர்ஸுக்கு தகவல் போச்சு, அவங்க போன் பண்ணி என்னன்னு கேட்டாங்க, மருந்து மாத்துனாங்க. எழுதி எழுதி பீரோல அடுக்கி வச்சா எந்த பிரயோஜனமும் இல்ல. அதனால நோட்டுல முதல்ல எழுத வேண்டியது நோயாளி பேரு கூட இல்ல, அட்டைய திறந்ததும் உள்பக்கத்துல "எந்த நம்பர் வந்தா யாருக்கு போன்"ங்கறது தான். அத நீங்களா எழுதாதீங்க, அடுத்த தடவ போறப்ப டாக்டர்ட்டயோ நர்ஸ் சிஸ்டர்ட்டயோ கேட்டு அவங்க முன்னாடியே எழுதுங்க. எங்க நோட்டுல இருக்கிறது இது: எடை மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுனா போன், வலி 7க்கு மேல போயி மாத்திரைக்கு அடங்கலன்னா போன், மலம் மூணு நாளா போகலன்னா போன். அதுக்கு கீழ சிவப்பு மையில இன்னொண்ணு, இதெல்லாம் வந்தா நோட்ட தேடாதீங்க நேரா 108: நெஞ்சு வலி, சும்மா உக்காந்திருக்கும் போதே மூச்சு திணறல், திடீர்னு உளறல். கேன்சர்காரங்களுக்கு திடீர்னு கால் மரத்து போறது, நடக்க முடியாம போறது, ஒண்ணுக்கு வராம நிக்கிறது, இதெல்லாம் தண்டுவடம் நசுங்கற அறிகுறியா இருக்கலாம், நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டா திரும்ப நடக்க முடியாமலே போயிரும்.

சரி தினசரி பக்கம். 1991லேர்ந்து கனடாவோட எட்மண்டன் பேர்ல ஒரு அளவுகோல் இருக்கு, உலகம் பூரா நெறைய பாலியேட்டிவ் டாக்டருங்க (நோயால வர்ற வலியையும் தொந்தரவையும் குறைக்கறவங்க) அத தான் வச்சிருக்காங்க. வலி, அசதி, தூக்க கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சு வாங்கறது, மனசு சோர்வு, பயம்-பதட்டம், மொத்தத்துல எப்படி இருக்குங்கறது, ஒன்பது விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 10 வரைக்கும் மார்க். 0ன்னா தொந்தரவே இல்ல, 10ன்னா தாங்கவே முடியல. ஒரு நாளைக்கு ஒரு வரி, அவ்ளோ தான். ஆனா நம்ம ஊர் பெரியவங்கட்ட "பத்துக்கு எவ்ளோ"ன்னு கேட்டா முறைப்பாங்க. எங்கப்பா "நான் என்ன பரிட்சையா எழுதறேன்"னாரு. அதுக்கு ஒரு வழி பண்ணேன், பத்து ஒத்த ரூபா காச தட்டுல போட்டு, "இன்னைக்கு மூச்சுக்கு எவ்ளோ குடுத்தீங்க, எடுத்து வைங்க"ன்னேன். சட்டுனு ஆறு காச எடுத்து வச்சாரு. வாயால "பரவால்ல"ன்னு சொல்ற அதே மனுஷன். சாயந்திரம் காபி குடிச்சதும் கேளுங்க, தினம் அதே நேரம், இல்லன்னா காலைல ஒரு கணக்கு ராத்திரி ஒரு கணக்குன்னு குழம்பிடும். முக்கியமா அவங்க சொல்ற நம்பர நீங்க திருத்தாதீங்க. "அவ்ளோலாம் இல்லப்பா"ன்னு ஒரு தடவ சொன்னீங்கன்னா அடுத்த நாள்லேர்ந்து ரெண்டுக்கு மேல காசு வராது.

பம்பிங் கம்மியா இருக்கவங்களுக்கு எடை தான் பெரிய துப்பு. காலைல எழுந்து ஒண்ணுக்கு போயிட்டு, டிபனுக்கு முன்னாடி, அதே மாதிரி துணியோட, மிஷின பாய் மேல வைக்காம தரையில வச்சு. உடம்புல நீர் கோக்குறது கால் வீங்கறதுக்கு முன்னாடியே மிஷின்ல தெரிஞ்சிடும். போன மாசம் அப்பாவுக்கு ரெண்டு நாள்ல 1.8 கிலோ ஏறிச்சு, விசாரிச்சா பக்கத்து வீட்டு அத்தை தேவனாம்பட்டினத்துலேர்ந்து வந்த கருவாட்ட வறுத்து குடுத்திருக்காங்க, இவரும் மூணு வேளைக்கும் தொட்டுக்கிட்டிருக்காரு. உப்பு போனா தண்ணி பின்னாடியே வரும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்கு கீழ தான் உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கருவாடு ஊறுகா அப்பளம் மூணும் ஒரே தட்டுல இருந்தா கணக்கு எங்கயோ போயிடும். கிட்னி பிரச்சனை இருந்தா நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு சோதனை இருக்கு, பண்ருட்டி பலாப்பழம். பொட்டாசியம் ஜாஸ்தி, இளநீரும் அப்படித்தான், ரத்தத்துல பொட்டாசியம் ஏறுனா இதய துடிப்பே தடுமாறும். "இளநீர் குளிர்ச்சி தானே"ன்னு பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் வாங்கிட்டு வருவாங்க, வாங்கி வச்சிட்டு நீங்க குடிங்க.

மூச்சு வாங்கறதுக்கு பெரிய செலவில்லாத ஒண்ணு சொல்றேன். கையில பிடிக்கிற குட்டி ஃபேன், மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரா அஞ்சு நிமிஷம். 2010ல இங்கிலாந்துல 50 பேர வச்சு பரிசோதிச்சாங்க, காத்து முகத்துல பட்டப்ப மூச்சிரைப்பு குறைஞ்சுது, அதே காத்து கால்ல பட்டப்ப அவ்ளோ இல்ல. ஃபேன் இல்லாத ராத்திரில (நம்ம ஊர் புயல் சீசன்ல கரண்ட் எப்ப வரும்னு யாருக்கு தெரியும்) பனை விசிறி போதும். கூடவே முன்பக்கம் சாஞ்சு, டேபிள் மேல தலகாணி போட்டு அதுல கைய ஊனி உக்கார சொல்லுங்க. நோட்டுல முன்னாடி எவ்ளோ காசு, பின்னாடி எவ்ளோ காசுன்னு குறிங்க.

வலிக்கு வருவோம், சின்னம்மா நோட்டு. இதுல நாங்க பண்ண தப்பு ஒண்ணு தான், ஆனா அதுக்கு ஒரு மாசம் அழுதாங்க. வலி வந்தா மாத்திரை, வலி இல்லன்னா வேணாம்னு குடுத்திட்டிருந்தோம். அது தப்புன்னு லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா, 1967ல செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ ஆரம்பிச்சவங்க, எப்பவோ சொல்லிட்டாங்க. தொடர்ந்து இருக்கிற வலிக்கு மணி பாத்து குடுக்கணும், வலி வர்றதுக்கு முன்னாடியே. மார்ஃபின் எழுதுனப்ப வீட்ல ஒரே ரகளை, "அத குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க"ன்னு மாமா சண்டைக்கே வந்துட்டாரு. டாக்டர் அளவு பாத்து ஏத்துறப்ப அப்படி ஆயுசு குறையறதில்ல. வலிக்காக எடுக்கறவங்க அடிமையாகறதும் அபூர்வம், ஆனா திடீர்னு நிறுத்தக் கூடாது. கூடவே மலமிளக்கியும் முதல் நாள்லேர்ந்து வேணும், ஏன்னா தூக்க கலக்கம் நாலஞ்சு நாள்ல பழகிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. எங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரில மலமிளக்கிய எழுத மறந்துட்டாங்க, ஆறு நாள் போகாம வயிறு உப்பி வேற வலி ஆரம்பிச்சு, மார்ஃபின் ஒத்துக்கலன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். நோட்டுல மலத்துக்குன்னு ஒரு கட்டம் அப்பத்தான் வந்துச்சு. நேர மாத்திரைக்கு நடுவுல எக்ஸ்ட்ரா எத்தன போட்டீங்கன்னும் மணியோட எழுதுங்க, டாக்டர் அந்த எண்ணிக்கைய பாத்து தான் அளவ மாத்துவாரு. முன்னாடி மார்ஃபின் வாங்க ஏகப்பட்ட லைசன்ஸ் சிக்கல், 2014ல போதைப்பொருள் சட்டத்த திருத்துனதுக்கு பிறகு அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரிங்க வச்சிருக்கலாம்.

பாலியேட்டிவ்ன்ன உடனே "கை விரிச்சுட்டாங்களா"ன்னு கேக்காதீங்க, நாங்களும் கேட்டோம். 2010ல பாஸ்டன்ல பரவின நுரையீரல் கேன்சர்காரங்க 151 பேருக்கு, பாதி பேருக்கு மட்டும் ஆரம்பத்துலேர்ந்தே கேன்சர் வைத்தியத்தோட பாலியேட்டிவும் சேத்து குடுத்தாங்க. அவங்க மனச்சோர்வும் கம்மி, கடைசி கட்டத்துல ஊசி குழாய்னு அலைக்கழிச்சதும் கம்மி, அப்படியும் நடுமட்ட ஆயுசு 11.6 மாசம், மத்தவங்களுக்கு 8.9. கேன்சருக்கு மட்டும்னும் இல்ல, ஹார்ட்டு, கிட்னி, பக்கவாதம் எல்லாத்துக்கும் கேக்கலாம். கடலூர் பக்கம்னா 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, சுகர் பிரஷர் மாத்திரை மட்டுமில்ல, பாலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வர்றதும் அதுலயே சேர்த்தி, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர பதிஞ்சு வைங்க. ஆனா அது தமிழ்நாட்டு திட்டம், பாகூர் பக்கம் எதிர்த்த தெரு நம்ம மாநிலம் இந்தத் தெரு அவங்க மாநிலம்னு இருக்கும் பாருங்க, அங்க புதுச்சேரி சுகாதார நிலையத்துல தான் விசாரிக்கணும். புதுச்சேரி கோரிமேட்டுல இருக்கற ஜிப்மர் ஆஸ்பத்திரில கேன்சர் பாக்குறவங்க அங்கயே ஓபில கேளுங்க, "வலிக்கும் மத்த தொந்தரவுக்கும் பாலியேட்டிவ் டாக்டர பாக்கணும்"னு இந்த வார்த்தையிலயே கேளுங்க, சுத்தி வளைச்சா புரியாது.

ஓபி அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறி, கோரிமேடு போயி சேர்ந்து, சீட்டு போட்டு, வரிசையில நின்னு, கடைசில கிடைக்கிறது மூணு நாலு நிமிஷம். முழு நோட்ட நீட்டாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க. முந்துன நாள் ராத்திரியே ஒரு தனி பக்கத்துல மூணே வரி: போன தடவைக்கு இப்ப எது ஏறியிருக்கு (மூச்சு 3 லேர்ந்து 6), எந்த மாத்திரை ஒத்துக்கல, எங்களுக்கு தெரிய வேண்டிய ஒரு கேள்வி. உள்ள போனதும் அந்தப் பக்கத்த மேசை மேல வச்சிட்டு வாய மூடிக்கிட்டு இருங்க. எங்கப்பா "நல்லா இருக்கேன்"னு ஆரம்பிக்கறதுக்குள்ள டாக்டர் பேப்பர பாத்துட்டு "ராத்திரி எத்தன தலகாணி வைக்கிறீங்க"ன்னு கேட்டாரு. அன்னிக்கே நீர் மாத்திரைய மாத்துனாரு.

நடை, பயிற்சி மாதிரி விஷயத்துக்கு ஸ்டான்ஃபோர்டுல கேட் லோரிக்னு ஒருத்தங்க ஆரம்பிச்ச முறை எனக்கு பிடிச்சது. ஆறு வாரம் வகுப்பு, சொல்லிக்குடுக்கறவங்க டாக்டர் இல்ல, பெரும்பாலும் அதே மாதிரி நோய் இருக்கவங்களே. வாரா வாரம் ஒரு சின்ன திட்டம் போடணும், "என்னால முடியும்"ங்கறதுக்கு பத்துக்கு எவ்ளோன்னு சொல்லணும், 7க்கு கீழ வந்தா திட்டத்த சின்னதாக்கணும். அப்பா முதல்ல சில்வர் பீச் வரைக்கும் நடப்பேன்னாரு, காசு நாலு தான் வந்துச்சு. தெருமுனை டீக்கடைன்னு மாத்துனோம், வாரத்துக்கு நாலு நாள், எட்டு காசு. இப்ப மூணு மாசமா போயிட்டிருக்காரு, சர்க்கரை இல்லாம தான் குடிக்கிறாருன்னு நம்புறோம்.

நோட்டோட கடைசி பக்கம் அவங்களுக்கு, நம்மளுக்கு இல்ல. உடம்பு ரொம்ப முடியாம போனா வீட்ல இருக்கணுமா ஆஸ்பத்திரிலயா, மூச்சு மெஷின்ல போடலாமா வேணாமா, அவங்களுக்காக யார் முடிவெடுக்கணும். 2018ல சுப்ரீம் கோர்ட்டு இப்படி முன்கூட்டியே எழுதி வைக்க உரிமை குடுத்துச்சு, 2023ல ரெண்டு சாட்சியோட நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் கையெழுத்து இருந்தா போதும்னு சுலபமாக்குனாங்க. சின்னம்மா நேரா கேட்டப்ப ஒண்ணும் சொல்லல, ஒரு நாள் பூ கட்டிட்டு இருக்கறப்ப அவங்களாவே "முத்தியால்பேட்டைய விட்டு என்ன எங்கயும் தூக்கிட்டு போகாதீங்கடா"ன்னாங்க, அப்படியே எழுதிக்கிட்டேன், தேதியோட. சட்டப்படி செல்லறதுக்கு முறையான பத்திரம் தனியா போடணும், ஆனா சண்டை போடுற மாமாவுக்கு இந்த ஒரு வரி போதும்.

அப்புறம் பாத்துக்கறவங்களுக்கும் ஒரு கட்டம் போடுங்க, எங்கம்மா தூக்கம் எத்தன மணி நேரம்னு மட்டும் எழுதுவோம், மூணுக்கு கீழ ரெண்டு நாள் வந்தா அக்கா சிதம்பரத்துலேர்ந்து கிளம்பி வந்துரும். பேனாவ நோட்டோட சேத்து நூல்ல கட்டிடுங்க, எங்க வீட்ல பசங்க தூக்கிட்டுப் போயி மூணு நாள் கணக்கு விட்டுப்போச்சு.