சாரம் கட்டும் தொழிலுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டி, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஏராளம். ஆண்டுக்கணக்கில் சித்தாளாகவே நின்றுவிடாமல் சாரம் கட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று அவர்களில் ஒருவர் நினைத்தால், அது நல்ல முடிவு. சிப்காட் தொழிற்சாலை முதல் வளைகுடா எண்ணெய் ஆலை வரை இந்தக் கைத்தொழிலுக்குத் தேவை உண்டு. ஆனால் தொடங்கும்போதே தடம் மாறிப் போகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

முதல் தவறு, உயரத்தைக் கண்டு பயமில்லை என்பதையே தகுதியாக நினைப்பது. தென்னை ஏறிப் பழகிய பையன் என்றால் மேஸ்திரியும் மகிழ்ந்து முதல் வாரத்திலேயே மேலே அனுப்பிவிடுகிறார். போகாதீர்கள். இந்தத் தொழிலில் முக்கால்வாசி அறிவு தரையில்தான் இருக்கிறது. முதல் சில மாதங்கள் கீழே நின்று சாமான்களோடு பழகுங்கள். 48.3 மி.மீ. விட்டமுள்ள ஆறு மீட்டர் இரும்புக் குழாய், அதன் தடிமனைப் பொறுத்து 21 முதல் 26 கிலோ வரை இருக்கும். அதைத் தோளில் வைத்துத் திரும்பும்போது பின்முனை எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். நகரத் தெருக்களில் வீட்டு வேலை என்றால், அந்தப் பின்முனை மின்கம்பியைத் தொட்டாலே உயிர் போய்விடும். வளைந்த குழாய், துருவேறி மெலிந்த குழாய், குழாய்களை இணைக்கும் கிளாம்ப்களில் மரை தேய்ந்தவை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கிவைக்கும் பழக்கமும் இங்கேதான் வரும்.

சவுக்குக் கட்டையும் கயிறும் வைத்து வீட்டுச் சாரம் கட்டியவர்கள், இரும்புச் சாரமும் அதே வேலைதான் என்று நம்பி வருகிறார்கள். முடிச்சுப் போடும் திறமை இங்கே உதவாது. நெடுக்குக் குழாயையும் படுக்கைக் குழாயையும் செங்கோணத்தில் பிடிக்கும் கிளாம்ப் வேறு, சாய்வுக் குழாயைப் பிடிக்கும் சுழல் கிளாம்ப் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால், இறுக்கமாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சுமை ஏறும்போது நழுவும்.

அடித்தளத்தை அலட்சியம் செய்வதுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு. நம் பக்கத்துச் செம்மண் வெயிலில் கல்லாக இருக்கும். ஒரு மழை பெய்தால் காலடி பதியும். காலையில் பார்த்த உறுதியை நம்பி, குழாயை நேராக மண்ணில் ஊன்றிவிடுகிறார்கள். இல்லையென்றால் கையில் கிடைத்த செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடியில் வைக்கிறார்கள். செங்கல் பிளந்தால் அந்தக் கால் இறங்கும். இறங்கிய காலின் சுமை பக்கத்துக் கால்களுக்குப் போகும். அங்கே கிளாம்ப்கள் நழுவத் தொடங்கும். மண்ணைச் சமன் செய்து, கனமான பலகை போட்டு, அதன்மேல் பேஸ் பிளேட் என்னும் இரும்பு அடித்தகடு வைத்து, திருகி உயரம் கூட்டிக் குறைக்கும் ஜாக்கியால் மட்டம் பார்த்துத்தான் முதல் குழாய் நிற்க வேண்டும். முதல் வரிசையை ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க அரை மணி நேரம் ஆகட்டும், மேஸ்திரி திட்டினாலும் பரவாயில்லை. அடியில் விரல் அகலம் சாய்ந்தது, பத்தாவது மீட்டரில் முழம் கணக்கில் சாய்ந்திருக்கும்.

அடுத்தது, கேட்டவுடன் கழற்றிக் கொடுப்பது. பூச்சு வேலைக்காரர் வருவார்: “தம்பி, இந்தக் குழாய் கைக்கு இடிக்கிறது, கொஞ்ச நேரம் எடுத்துவிடேன்.” பெரும்பாலும் அது சாய்வுக் குழாயாக இருக்கும், அல்லது சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் கட்டாக இருக்கும். நேராக நிற்கும் குழாய்கள் எடையைத் தாங்குகின்றன. ஆடாமல் காப்பாற்றுவது இந்த இரண்டும்தான். சாரத்தின் உயரம் அடி அகலத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆகும்போது பிணைப்பு இல்லாமல் அது நிற்கக் கூடாது. பச்சை வலை கட்டிய சாரம் ஆடிக் காற்றைப் பாய்மரம்போல் வாங்கும். ஆகவே, எடுத்தே தீர வேண்டும் என்றால் பக்கத்தில் மாற்றுப் பிணைப்பைப் போட்ட பிறகு, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அதுவரை, ஏறலாம் என்று காட்டும் பச்சை டேக்கைக் கழற்றி, ஏறக் கூடாது என்று காட்டும் சிவப்பு டேக்கை மாட்டுங்கள். வயதில் மூத்தவர் கேட்கிறாரே என்று தயங்காதீர்கள். அந்தப் பலகையில் நிற்கப்போவதும் அவர்தான்.

பாதுகாப்பு பெல்ட் விஷயத்தில், அணிந்தாலே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை வேண்டாம். உடல் முழுவதையும் பிடிக்கும் ஹார்னஸ் வேண்டும். கொக்கியைத் தலைக்கு மேலே, உறுதியாகப் பூட்டிய குழாயில் மாட்டுங்கள். காலடியில் மாட்டினால், கயிற்றின் நீளமும் அதிர்ச்சி தாங்கும் பகுதி விரியும் நீளமும் சேர்ந்து, நிற்பதற்குள் ஏறத்தாழ ஆறு மீட்டர் விழவேண்டி வரலாம். இரண்டாம் தட்டில் நிற்பவர் அதற்குள் தரையைத் தொட்டுவிடுவார். நகரும்போது ஒரு கொக்கி எப்போதும் மாட்டியே இருக்க, இரட்டைக் கொக்கிக் கயிறு கேளுங்கள்.

பிரிக்கும்போது குழாயை மேலிருந்து வீசுவதும், கீழ்த்தட்டிலிருந்து கழற்றத் தொடங்குவதும் விளக்கம் தேவையில்லாத தவறுகள்.

இனிக் காகித விஷயம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 வயது ஆனதும் பதிவு செய்யலாம். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்களின் குடும்பம், விபத்துக்குப் பிறகு ஆவணம் தேடி அலைகிறது. வேலை செய்த நாட்களை உங்கள் கைப்பட ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, வாரம் ஒருமுறை மேஸ்திரியின் கையெழுத்து வாங்குங்கள்.

பயிற்சி பெறாமல் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குவது பெரிய வீண்செலவு. வளைகுடாவின் பெரிய திட்டங்களில் சாரம் கட்டுபவர்களுக்கான பிரிட்டனின் சி.ஐ.எஸ்.ஆர்.எஸ். முறைப் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. நேர்முகத் தேர்வில் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, குழாய்களைக் காட்டிக் கட்டச் சொல்வார்கள். கை அங்கே பொய் சொல்லாது.

வெளிநாடு போக நினைப்பவர் பத்தாம் வகுப்பை முடித்துவிடுவது நல்லது. முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையில் வரும். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இலட்சக்கணக்கில் கேட்டாலும், ரசீது தர மறுத்தாலும், சுற்றுலா விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் ஒருமுறை விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் பதவியின் பெயரைப் படித்துப் பாருங்கள். அங்கே ‘உதவியாளர்’ என்று எழுதியிருந்தால், வாயால் எவ்வளவு சொல்லியிருந்தாலும் உங்களுக்கு வரப்போவது உதவியாளர் சம்பளம்தான். திருத்தித் தந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.